படம் பார்க்கப் போனோம்



நம் பக்கம் 'படம் பார்க்கப் போனோம்' என்று சொன்னால், எந்தத் தியேட்டர், யார் நடித்தது என்றுதான் கேட்பார்கள். தீட்டி வைத்த படத்தைப் பார்க்க ஒரு கணவன் மனைவி ரயிலேறிப் போவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. போன மாதம் நானும் துணைவியாரும் மூன்று நாள் ஓய்வுக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தோம். அதில் ஒரு நாள் முழுவதையும் ஓவியக் கூடங்களுக்கே கொடுத்தோம். ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பத்மநாபசாமி தரிசனம் நல்லபடியா கிடைச்சுதா சார்?" கிடைத்தது. "வேற எங்க போனீங்க?" "ஒரு நாள் பூரா ஓவியம் பார்த்தோம்." உடனே ஒரு மாதிரிச் சிரிப்பு. என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், "சாருக்கு பென்ஷன் மிஞ்சுது போல" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த நீண்ட பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பென்ஷன் கணக்கை முடித்துவிடுகிறேன். கணக்கு வாத்தியார் அல்லவா. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகம் என்று ஒன்று இருக்கிறது. நேப்பியர் அருங்காட்சியகம், ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம், ரவிவர்மாவுக்கென்று 2023-இல் திறந்த தனிக் கூடம், கே.சி.எஸ். பணிக்கர் கூடம் என நான்கும் அந்த ஒரே வளாகத்துக்குள், பெரிய மரங்களின் நிழலில், நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. இருவருக்கும் எல்லா நுழைவுச் சீட்டும் சேர்த்து, இன்றைக்கு இரண்டு பேர் தியேட்டருக்குப் போய் ஆளுக்கொரு பாப்கார்ன் வாங்கும் செலவுகூட ஆகவில்லை. ஓவியம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று யார் சொன்னார்களோ தெரியாது. விற்கிற ஓவியம் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். பார்க்கிற ஓவியம் அப்படி இல்லை.

அதே வளாகத்தில்தான் மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. கூட்டமெல்லாம் அங்கேதான். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகிறார்கள், புலியைக் காட்டுகிறார்கள், ஐஸ் வாங்கித் தருகிறார்கள், பேருந்தில் ஏற்றுகிறார்கள். நூறடி தள்ளியிருக்கும் ஓவியக் கூடத்தில் நாங்கள் போன நேரம் எங்களையும் சேர்த்து ஏழு பேர். காவலுக்கு இருந்த அம்மா எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அறைக்கு ஒரு படம். உள்ளே நுழைந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவருவது, ஆளுக்கொரு படத்தைத் தேர்ந்துகொள்வது, அதன் முன் போய் நிற்பது, ஏன் இந்தப் படம் என்று மற்றவரிடம் சொல்வது. மீதிப் படங்கள் கோபித்துக்கொள்ளாது. கல்யாண விருந்தில் இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டால் எதன் ருசியும் நினைவில் நிற்காது அல்லவா, அதே கதைதான். கைப்பேசிகள் இரண்டும் துணைவியாரின் பைக்குள் போய்விட்டன.

என் துணைவியார் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓவியம் பற்றி ஒரு புத்தகமும் படித்ததில்லை. ரவிவர்மாவின் சகுந்தலை படத்தை நீங்கள் எல்லோருமே எங்காவது பார்த்திருப்பீர்கள். தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலில் குத்திய முள்ளை எடுப்பதுபோல் திரும்பி நிற்பாள். அதன் அசல் இங்கே இருக்கிறது. துணைவியார் அதன்முன் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு சொன்னார்: "ஏங்க, இவ கால்ல முள்ளே இல்லங்க. முள்ளு குத்துனவ காலத்தான் பாப்பா. இவ பார்வை வேற எங்கயோ இருக்கு. எத்தனை பேருக்கு முள்ளு எடுத்திருப்பேன்!"

கதையே அதுதான். முள் குத்தியதாகப் பாவனை செய்துகொண்டு துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாள். படத்தில் துஷ்யந்தன் கிடையாது. அவன் இருக்கும் திசை மட்டும் உண்டு. காளிதாசனைப் படித்தவர்கள் கதையைத் தெரிந்துகொண்டு படத்துக்கு வருகிறார்கள். இவர் படத்திலிருந்து கதைக்குப் போய்விட்டார். 'எனக்கு ஓவியம் புரியாது சார்' என்று சொல்பவர்களிடம் நான் இனி இதைத்தான் சொல்லப் போகிறேன். கால், கை, சேலை, பயம், வெட்கம் இவையெல்லாம் உங்களுக்குப் புரியும்தானே? பிறகென்ன?

அசல், நகல் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "இதெல்லாம் செல்போன்லயே பாக்கலாமே தாத்தா" என்றான் பேரன். அன்னத்தோடு பேசும் தமயந்தி படம், 1899-இல் ரவிவர்மா தீட்டியது. சிவப்புச் சேலை. செல்போனில் அது சிவப்புச் சேலை, அவ்வளவுதான். நேரில் கிட்டே போனால் சேலை காணாமல் போய்விடுகிறது. அங்கே இருப்பது பத்து வகைச் சிவப்பு. மடிப்புக்குள் கருஞ்சிவப்பு, வெளிச்சம் படும் இடத்தில் ஏறக்குறைய வெள்ளை. சரிகை என்று நாம் நினைத்தது மஞ்சள் வண்ணப் புள்ளிகள். இரண்டு எட்டு பின்னால் வந்தால் திரும்பப் பட்டுச் சேலையாகிவிடுகிறது. முன்னால் போய், பின்னால் வந்து, முன்னால் போய்... இதைச் சிறு பிள்ளை மாதிரி நான் செய்துகொண்டிருந்தேன். காவலுக்கு இருந்த அம்மா சிரித்தார்கள். அந்த இரண்டு எட்டு நகர்வு செல்போனில் கிடையாது. படத்தை விரலால் பெரிதாக்கலாம், நாம் நகர முடியாது.

ரவிவர்மா (1848–1906) பற்றி எங்களுக்குள் சண்டையும் வந்தது. நம் சாமிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி முகத்தையும் பட்டுச் சேலையையும் கொடுத்துவிட்டார், இன்றைக்கு லட்சுமி என்றால் அந்த முகம்தான் கண்ணில் வருகிறது, கோயில் சிலையின் முகம் வருவதில்லை என்றேன். இது என் கண்டுபிடிப்பில்லை. மேல்நாட்டு எண்ணெய் ஓவிய பாணியை இந்தியக் கதைக்குப் போர்த்திவிட்டார் என்று நூறு வருடமாக அவரைக் குறை சொல்லிவருகிறார்கள். துணைவியார் ஒப்புக்கொள்ளவில்லை. "கோயிலுக்குள்ள போக முடியாதவங்க வீட்டுக்கும் அந்த லட்சுமி போச்சுல்ல?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, பதில் இருந்தால்தானே. 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தன் படங்களை அச்சடித்து விற்றார். எந்தச் சாதி என்று கேட்காமல் காசு கொடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் சாமி வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த அச்சகத்தை ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார் என்பது வேறு கதை.

இங்கே ஒரு வாத்தியார் செய்தியும் உண்டு. ஆசிரிய நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சிறுவன் ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது அங்கே அரசவை ஓவியராக இருந்தவர் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தில் கைதேர்ந்தவர். அந்த வித்தையை அவர் இந்தப் பையனுக்குச் சொல்லித்தரவில்லை. அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளைதான் ஆசானுக்குத் தெரியாமல் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிறகு 1868-இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார். இன்று ரவிவர்மா பெயரில் கட்டடம் நிற்கிறது. ஆறுமுகம் பிள்ளையை யாருக்குத் தெரியும்? எல்லாப் பள்ளியிலும் ஒரு ஆறுமுகம் பிள்ளை இருப்பார், கவனித்துப் பாருங்கள். தலைமையாசிரியராக மட்டும் ஆகியிருக்க மாட்டார்.

அண்ணனுக்கு இருந்த புகழில் தங்கை மறைந்துபோனதையும் அங்கே பார்க்கலாம். மங்களாபாய் தம்புராட்டி, ரவிவர்மாவின் தங்கை, நன்றாகத் தீட்டியவர். அவர் தீட்டிய அண்ணனின் உருவப்படம் திருவனந்தபுரம் சேகரிப்பில் இருக்கிறது. அன்று துணைவியார் தேர்ந்துகொண்டவற்றில் அதுவும் ஒன்று. காரணம் கேட்டேன். "கூடப் பிறந்தவ பார்த்த பார்வைங்க. மத்தவங்களுக்கு அவர் ராஜா ரவிவர்மா. இவளுக்கு அண்ணன்" என்றார்.

ஸ்ரீ சித்ரா கூடம் 1935-இல் திறந்தது. மன்னர் காலத்தில், ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞரின் ஆலோசனையில் உருவானது. தஞ்சாவூர் ஓவியம், முகலாய, ராஜபுத்திர ஓவியங்கள், ரோரிக் தீட்டிய இமயமலை என்று நிறைய உண்டு. ரோரிக்கின் நீலத்தைப் பற்றி எழுத ஆசைதான். ஆனால் பதிவு இப்போதே நீண்டுவிட்டது. நேப்பியர் கட்டடத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி. 1880-இல் சிஷோம் கட்டி முடித்தது, சென்னையில் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம். மதிய வெயிலிலும் உள்ளே காற்று ஓடுகிறது. நம் புதிய பள்ளிக் கட்டடங்களைக் கட்டும் பொறியாளர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போய் உட்கார வைக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டோ பிடித்துத் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் போனோம். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடம். நத்தை ஓடு மாதிரி சுழன்று மேலே போகும், சரிவிலேயே மேசை போட்டிருப்பார்கள். பீட்ரூட் போட்ட மசால் தோசை. துணைவியாருக்கு மூட்டுவலி என்பதால் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டோம். அங்கேயும் சகுந்தலையைப் பற்றித்தான் பேச்சு. நாற்பது வருடக் குடும்பத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் எழுதிப் பார்த்தால் பால் கணக்கு, பிள்ளைகள் பீஸ், வீட்டுக் கடன், மாமனார் ஆபரேஷன், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்றுதான் இருக்கும். குறை சொல்லவில்லை, அதுதான் வாழ்க்கை. ஆனால் அவர் ஒரு காலைப் பார்த்து இத்தனை யோசிப்பார் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கு ஓவியக் கூடத்தை நான் சிபாரிசு செய்வது முக்கியமாக இதற்காகத்தான். கோயிலில் ஆளுக்கொரு வேண்டுதல், பேசக்கூடாது. சினிமாவில் இருட்டு, பேசினால் முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகளோடு சரி. இங்கேதான் இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு மெல்லப் பேசலாம், அபிப்பிராயம் வேறாக இருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

பிற்பகலில் பணிக்கர் கூடம். கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். சமன்பாடுகள், முக்கோணங்கள், எண்கள், கட்டங்கள். 1963 வாக்கில் கணிதக் குறிகளில் தொடங்கிய வேலை அது. பிறகு மலையாள எழுத்துப் போலத் தோன்றுகிற, ஆனால் வாசிக்க முடியாத வரிகள் வருகின்றன, ஜாதகக் கட்டங்கள் வருகின்றன. கணக்கு வாத்தியாரை யாரோ கேலி செய்கிற மாதிரி இருந்தது. விடை எங்கே என்று கொஞ்ச நேரம் தேடினேன். விடை இல்லை. கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, புரியாவிட்டாலும் ஒழுங்காக வரிசையாக அழகாக இருக்கிறது என்று, அந்தப் பார்வையில் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்தது. துணைவியாருக்குப் பிடிக்கவில்லை. "ஜாதகம் பார்த்து அலைஞ்சதெல்லாம் ஞாபகம் வருது, வாங்க போவோம்" என்றார். பிடிக்காமல் போவதற்கும் உரிமை உண்டு. நவீன ஓவியத்தின் முன் புரிந்த மாதிரித் தலையாட்ட வேண்டியதில்லை.

சில குறைகளும் சொல்லத்தான் வேண்டும். வயதானவர்கள் உட்கார நாற்காலி போதவில்லை. அது எல்லா ஊர் அருங்காட்சியகத்துக்கும் பொருந்தும். நின்றுகொண்டே பார்க்கச் சொன்னால் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள். தனியார் கூடங்களில் வேறு தொல்லை. முன்பொரு முறை ஒரு பெருநகரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கூடத்துக்குப் போனோம். வாசலில் இருந்தவர் எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், "யாரைப் பார்க்கணும்?" என்றார். ஓவியத்தைப் பார்க்கணும் என்றேன். உள்ளே விட்டார்கள், ஆனால் ஒருவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அரசுக் கூடத்தில் அந்தத் தொல்லை கிடையாது, யாரும் யாரையும் கேட்பதில்லை. அதனால்தான் அரசு கட்ட வேண்டும் என்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஓவிய வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குவது நம் ஊர்ப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம், திருப்பித் தராத கடன். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை முறை சாலையில் உட்கார்ந்தார்கள் என்பது சங்கத் தோழர்களுக்குத் தெரியும். வரையச் சொல்லித்தருபவரையே இப்படி நடத்தினால், வரைந்ததைப் பார்க்கச் சொல்லித்தர யார் வருவார்?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இந்தப் பதிவே இதற்காகத்தான்.

ரவிவர்மாவின் அச்சுப் படங்களுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டு வீடுகளின் பூஜை அறைக்குள் நுழைந்த சாமி படங்கள் எங்கே தீட்டப்பட்டன? கோவில்பட்டியில். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகச் சுற்றி, 1940-களில் நம் ஊரில் தங்கிவிட்டவர். அவரும் டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் போன்ற அவருடைய சீடர்களும் தீட்டிய மீனாட்சி கல்யாணமும் கஜலட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை காலண்டராக ஊர் ஊராகப் போயின. தேதி முடிந்ததும் கீழே வெட்டிவிட்டுக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டினோம். சில படங்களில் குரு, சீடர் இருவர் கையெழுத்தும் இருக்கும். தம்புராட்டியின் கதையோடும் நாயக்கர் கதையோடும் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சீடன் பெயரையும் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுத விட்ட ஆசான் நம் ஊர்க்காரர்.

திருவனந்தபுரம் தன் ஓவியருக்கு வளாகத்துக்குள் தனிக் கட்டடம் கட்டி, அவருடைய 40-க்கும் மேற்பட்ட அசல் ஓவியங்களை நல்ல வெளிச்சத்தில் மாட்டியிருக்கிறது. கோவில்பட்டிக்கும் ஓர் அரசுக் கூடம் வேண்டும். பெரிதாக வேண்டாம். இரண்டு அறை போதும். ஒன்றில் கொண்டையராஜு, அவர் சீடர்களின் அசல்கள். அச்சுக்குப் போன படம் எப்படி இருந்தது, அச்சாகி வந்தபோது நிறம் எப்படி மாறியது என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டலாம். இன்னொன்றில் தீப்பெட்டி லேபிள்கள், பழைய காலண்டர்கள், நாடகத் திரைகளின் புகைப்படங்கள். விளக்க அட்டை தமிழில், எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். நாற்காலி நிறைய. முதியவர்களுக்குக் கழிப்பறை கீழ்த்தளத்தில். செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே வந்து போகட்டும். காலண்டர் படத்தை ஓவியமாக மதிக்காத படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும். ரவிவர்மாவையும் அப்படித்தான் ஒதுக்கினார்கள். இன்று வரிசையில் நிற்கிறார்கள். நாம் அதுவரை காத்திருந்தால் அசல்கள் கரையானுக்குப் போய்விடும். 

நகராட்சிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்க நண்பர்கள் சிலர் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பென்ஷன் மிஞ்சுகிறது என்ற நண்பர்தான் முதல் கையெழுத்து. விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு: வளாகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள். ரவிவர்மா கூடத்தை முதலில் முடித்துக்கொண்டால் கால் தெம்பாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், பாட்டி வீட்டுச் சுவரில் கொண்டையராஜு கையெழுத்துப் போட்ட பழைய காலண்டர் படம் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். கீழே கடைப் பெயரும் வருடமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். எங்கள் வீட்டு மீனாட்சி கல்யாணத்தை முதல் பின்னூட்டமாகப் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் கையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.